வருமுன் உதவி: கிராமச் சங்கத்தாருக்கு ஒரு பாடம்

நமது விருதுநகர் ஜில்லாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி முதலிய பக்கங்களில் மானாவாரிக் குடியானவர்கள் இந்த இரண்டு மாதங்களையே நம்பி விதைக்கிறார்கள். மழை தவறினால் அவர்களுடைய ஆண்டே தவறிப் போகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலோ நிலைமை வேறு. அங்கே பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் கூலி வேலை செய்யும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மழை விடாமல் பெய்வதே கஷ்டமாகிறது. ஆகவே ஒரே ஜில்லாவில், சிற்சில கிராமங்களில் ஒரே தெருவிலுங்கூட, மழை வராவிட்டால் கலங்குகிறவர்களும் மழை வந்தால் கலங்குகிறவர்களும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்களாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட சங்கத்தாரை மனத்தில் வைத்தே இப்பாடம் எழுதப்படுகிறது.

பட்டாசுத் தொழிலுக்கு வெயில் மூலதனம் போன்றது. மருந்து ஏற்றிய வெடிகளை உலர்த்தும் மேடையில் காய வைத்தாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் மருந்துக் கலவை கெடும்; இடி மின்னல் உள்ள வேளையில் வேலை நடத்துவது உயிருக்கே ஆபத்து. எனவே மழை நாட்களில் ஆலை நிற்பதைக் குறை கூறுவதற்கில்லை, நிற்க வேண்டியதுதான். ஆனால் ஆலை நின்றால் கூலியும் நிற்கிறது. சரம் பின்னுகிறவர்களும், காகிதக் குழாய் சுற்றுகிறவர்களும், பெட்டியில் அடுக்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். செய்த உருப்படிக்குக் கூலி என்ற கணக்கில் வேலை செய்வோரே இவர்களில் அதிகம். மாதச் சம்பளக்காரருக்கு மழை ஒரு விடுமுறை. உருப்படிக் கூலிக்காரருக்கு அது பட்டினியின் முதல் நாள்.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். தீபாவளி கழிந்ததும் பட்டாசு ஆலைகளில் வேலை குறைந்துவிடுகிறது. பண்டிகைக்கு முன் கிடைத்த போனஸ் பணம் துணிமணிக்கும் பழைய கடனுக்கும் செலவாகியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் அடைமழையும் வருகிறது. கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும் வாரத்தில் ஆபத்து வருகிறது என்பதை முன்கூட்டியே பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் நாம் அதை எதிர்பாராத விருந்தாளியைப் போல வரவேற்கிறோம்.

ஒரு குடும்பம் எவ்விதம் சரிகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். வேலை நின்ற முதல் இரண்டு நாள் பலசரக்குக் கடையில் கடன் சொல்லிச் சமாளிக்கிறார்கள். மூன்றாம் நாள் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். நான்காம் நாள் காதில் கிடக்கும் கம்மல் அடகுக்குப் போகிறது, அல்லது கொட்டிலிலுள்ள ஆடு விலைக்குப் போகிறது. ஒரே வாரத்தில் ஊரிலுள்ள பலரும் ஆட்டை அவிழ்ப்பதால் வியாபாரி கேட்டதே விலை. உதாரணமாக, ஒருவர் 5,000 ரூபாய்க்கு நகையை அடகு வைக்கிறார் என்றும், வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று என்றும் வைத்துக்கொள்வோம். கார்த்திகையில் வைத்ததை ஆடியில் மீட்டால் எட்டு மாத வட்டி 1,200 ரூபாய். மழை பெய்ததோ ஒரு வாரம். அந்த ஒரு வாரத்திற்காக அந்தக் குடும்பம் எட்டு மாதம் உழைக்கிறது. மீட்காமற் போனால் நகையே போயிற்று.

இவ்வட்டாரத்திற்கே உரிய வேறொரு கேடும் உண்டு. கையில் காசில்லாத வேளையில் முன்பணம் கொடுக்க ஆள் வருகிறார். முன்பணம் வாங்கியவர், பிறகு எந்த வேலையைக் கொடுத்தாலும் மறுத்துப் பேச இயலாதவராகிறார். உரிமமில்லாத கொட்டகையிலோ, வீட்டுக்குள்ளேயோ வெடி செய்து கொடுக்கும் பழக்கம் சில கிராமங்களில் இன்னும் ஒழியவில்லை என்பதைச் சங்கத்தார் அறிவார்கள். சட்டத்தைக் கண்டிப்பாக நடத்துவது சர்க்காரின் வேலை. ஆனால் பசியினால் அந்த வேலைக்கு இணங்குகிறவரைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும், 2024 மே 9-ல் செங்கமலப்பட்டியிலும் நேர்ந்த வெடி விபத்துகள் ஆலைகளிலேயே நிகழ்ந்தவை. விதிகளும் மேற்பார்வையும் உள்ள இடத்திலேயே இவ்வளவு ஆபத்து என்றால், அடுப்பும் விளக்கும் குழந்தைகளும் உள்ள வீட்டில் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்பாடத்தின் சாரமான விஷயம் இதுதான். ஆட்டை விற்ற பிறகு வரும் ஆயிரம் ரூபாயைவிட, ஆட்டை விற்பதற்கு முந்தின நாள் வரும் ஐந்நூறு ரூபாய் ஒரு குடும்பத்துக்கு அதிகப் பிரயோஜனமுள்ளது. உதவி அவ்விதம் முந்தி வர வேண்டுமானால் மூன்று பொருள்கள் ஆபத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்: எதைக் கண்டதும் உதவ வேண்டும் என்ற அடையாளம், யாருக்கு என்ற பட்டியல், எதிலிருந்து என்ற பணம். வெள்ளம் வந்த பின் கூடிப் பேசி இம்மூன்றையும் தேடப் புறப்பட்டால் உதவி தை மாதத்தில்தான் வந்து சேரும்.

இந்த யோசனை புதியதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும், மைசூர், பம்பாய், ஹைதராபாத் பிரதேசங்களையும் வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அப்போது நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்ற உத்தியோகஸ்தர் வரையறுத்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதைப் பலமாக ஆட்சேபித்தார். கல்லுடைக்கும் மனிதன் அந்த அளவில் உயிர் வாழ முடியாது என்பது அவர் கட்சி. பிற்பாடு கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் முகாம்களில் நேர்ந்த சாவுகளைத் திரும்பப் பெற முடியுமா?

அந்த அனுபவத்தின்மேல் 1878-ல் ஸர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சியின் தலைமையில் ஒரு பஞ்சக் கமிஷன் நியமிக்கப்பட்டு, 1880-ல் அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்தவையே மாகாணந்தோறும் ஏற்பட்ட பஞ்ச விதித் தொகுப்புகள். அவற்றை இன்று எடுத்துப் பார்த்தாலும் ஆச்சரியமாக இருக்கும். தானிய விலை திடீரென ஏறுதல், ஜனங்கள் ஊரைவிட்டு அலையத் தொடங்குதல், சிறு திருட்டுகள் பெருகுதல், கடன் கொடுப்போர் கையை இறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றை ஜில்லா அதிகாரிகள் கவனித்து வர வேண்டும் என்றும், இவை தென்பட்டால் சோதனை வேலைகளைத் திறக்க வேண்டும் என்றும், வேலை செய்ய இயலாத முதியோர், ஊனமுற்றோர் முதலியோரைக் கிராம அதிகாரிகள் பட்டியலிட்டு இலவச உதவி அளிக்க வேண்டும் என்றும் அவற்றில் கண்டிருந்தது. அடையாளம், பட்டியல், பணம் என்ற மூன்றும் அங்கே இருக்கின்றன. குறை எங்கே என்றால், அடையாளம் வெகு தாமதமாகத் தென்படக்கூடியதாக இருந்தது. ஜனங்கள் ஊரைவிட்டு அலையத் தொடங்கிய பின் வரும் உதவி எப்படி முன்னுதவியாகும்? மேலும், நிஜமாகவே வறியவர்தானா என்று சோதிப்பதிலேயே அக்காலத்துச் சர்க்காருக்கு நாட்டம் அதிகம். தர்மம் வாங்குவதை அவமானமாக்கிவிட்டால் செலவு குறையும் என்று எண்ணினார்கள். செலவு குறையத்தான் செய்தது.

நமது இயக்கமும் அதே பஞ்சத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பதை அங்கத்தினரில் பலர் அறியார். குடியானவனின் கடன் சுமையைத் தீர்க்க வழி தேடி, சென்னை சர்க்காரின் சார்பில் பிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பிய நாணயச் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை எழுதினார். 1901-ம் வருஷத்துப் பஞ்சக் கமிஷனும் பரஸ்பர நாணயச் சங்கங்கள் வேண்டுமென்று வற்புறுத்தியது. 1904-ல் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரில் சங்கம் பதிவாயிற்று. ஆகவே பஞ்ச காலத்தில் அங்கத்தினரைத் தாங்குவது நமக்கு உபரித் தொழில் அன்று. விதை, உரம், நகைக்கடன் என்று வேலை பெருகியதில் ஆதி நோக்கம் பின்னுக்குப் போயிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நமக்குத் தெற்கேயுள்ள தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெய்த மழையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அஃதாவது நமது ஜில்லாவில் ஒரு முழு ஆண்டில் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. பின்னர் மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டை ஒன்றுக்கு 6,000 ரூபாயும், குறைவாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 1,000 ரூபாயும் சர்க்கார் அளித்தது. அந்தப் பணம் எதன் வழியாகப் போயிற்று? நியாயவிலைக் கடைகளின் வழியாக. தமிழ்நாட்டில் அக்கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்களே. டோக்கன் கொடுத்து, வரிசையில் நிறுத்தி, சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான குடும்பங்களின் கையில் ரொக்கத்தைச் சேர்த்தவர்கள் நமது விற்பனையாளர்களும் காரியதரிசிகளும்தான். இதற்காக அவர்களை யாரும் அதிகமாகப் பாராட்டியதாகத் தெரியவில்லை. நான் இங்கே பாராட்டுகிறேன்.

அதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது, பட்டியலும் கடையும் கையும் நம்மிடம் இருக்கின்றன என்பது. ஆனால் பணம் டிசம்பர் இறுதியில் வந்தது. வெள்ளமோ பதினேழாந் தேதி. இடையிலுள்ள அந்த நாட்களில்தான் நகை அடகுக்குப் போகிறது. மழை நின்ற பின் கணக்கெடுத்துக் கொடுப்பதைச் சர்க்கார் செய்யட்டும், அது அவசியமானது. மழைக்கு முன்னே ஒரு சிறு தொகை கொடுப்பதற்கு இதே வழியைப் பயன்படுத்தலாமா என்பதே கேள்வி.

செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வங்காள தேசத்தில் யமுனை நதிப் படுகை 2020 ஜூலையில் பெருவெள்ளத்துக்கு உள்ளானது. (அந்நாட்டில் பிரமபுத்திராவுக்கு யமுனை என்று பெயர்; டில்லி யமுனை வேறு.) ஆற்று நீர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயரும் என்று முன்னறிவிப்பு வந்தவுடனே, வெள்ளம் உச்சத்தை எட்டுவதற்கு முன், உலக உணவுத் திட்டத்தார் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கைப்பேசி மூலம் தலைக்கட்டுக்கு 4,500 டாக்கா அனுப்பினார்கள். பணம் பெற்ற குடும்பங்களையும் பெறாத குடும்பங்களையும் பிறகு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, பெற்றவர்கள் வெள்ள நாட்களில் நாள் முழுதும் சாப்பிடாமல் இருக்க நேர்ந்தது குறைவு என்று கண்டார்கள். தொகை பெரிதன்று, வந்த நாள்தான் பெரிது.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் குஜராத்திலுள்ள ‘சேவா’ என்னும் பெண் தொழிலாளர் சங்கம். எலா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய இச்சங்கத்தார் 1974-ல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு பாங்கியையும் ஏற்படுத்திக்கொண்டவர்கள். ஆகையால் நம் இனத்தவர். தலைச்சுமை வியாபாரம், உப்பளம், குப்பை பொறுக்குதல் போன்ற வேலை செய்யும் பெண்கள் கோடையில் வெப்பத்தால் வேலையிழப்பதைக் கண்டு, 2023-ல் சுமார் 21,000 பேருக்கு ஒரு காப்பீடு ஏற்பாடு செய்தார்கள். நஷ்டத்தை அளக்க யாரும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. வெப்பமானி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பணம். ஆனால் அந்த அளவை மிக உயரத்தில் வைத்துவிட்டதால் அவ்வாண்டு ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் மனந்தளராமல் ஏற்பாட்டைத் திருத்தினார்கள். 2024-ல் மூன்று மாகாணங்களில் 50,000 பெண்கள் சேர்ந்தனர். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது தலைக்குச் சுமார் 400 ரூபாய் ரொக்கமாக வந்தது; அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு அவர்களில் பெரும்பாலோருக்குக் காப்பீட்டுத் தொகையும் வந்தது. அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் காரியத்தின் முழு உயிரும் இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளின் வித்தியாசமே சாட்சி.

நமது ஜில்லாவுக்கு எந்த அடையாளம் பொருந்தும்? என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன். சங்கத்தார் தங்கள் ஊர் நிலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்காரர் மிகுந்த கிராமங்களில், வானிலை இலாகா நமது ஜில்லாவுக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுப்பதையும், தொடர்ந்து மூன்று வேலை நாட்கள் மழையால் ஆலைகள் நிற்பதையும் அடையாளமாகக் கொள்ளலாம். இரண்டில் எது முந்துகிறதோ அது. மானாவாரிக் கிராமங்களில், தாலூகா மழைமானியின் கணக்குப்படி கார்த்திகை பதினைந்தாந் தேதிக்குள் வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யாமை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாகாணம் முழுவதும் வறட்சிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். கார்த்திகை மத்தியிலேயே மழைக்கணக்குத் தெரிந்துவிட்டது. அறிவிப்பு வர மார்கழி இறுதியாகிவிட்டது. பயிர்க் காப்பீடும் அறுவடைச் சோதனை முடிந்த பின்னரே கைக்கு வருவது. அதை இந்த வேலைக்கு நம்ப முடியாது.

அடையாளம் எதுவாயினும் ஒரு நிபந்தனை அவசியம். ஊரிலுள்ள எவராலும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாததாக அது இருக்க வேண்டும். “நிலைமை மோசமானால் பஞ்சாயத்தார் உசிதம் போல் தீர்மானிக்கலாம்” என்று எழுதி வைத்தால், நிலைமை மோசமானது யாருடைய தெருவில் என்ற சண்டைதான் மிஞ்சும். கிராமத்தில் கட்சி கிடையாது என்று சொல்பவர் கிராமத்தில் குடியிராதவர். சென்னையில் விடுக்கும் எச்சரிக்கைக்கும் தாலூகா ஆபீஸிலுள்ள மழைமானிக்கும் கட்சி இல்லை.

அடுத்தது பட்டியல். இதை ஆவணி மாதத்தில், வெயில் காயும்போதே முடித்துவிட வேண்டும். தொடங்குவதற்கு வேண்டிய பெயர்கள் ஏற்கெனவே சங்கத்துக் கணக்கிலேயே உள்ளன. 2025 ஆகஸ்டு 12-ல் சர்க்கார் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின்படி, கடைக்கு நடந்து வர இயலாத எழுபது வயது கடந்த முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் சாமான்களை வீட்டுக்கே கொண்டு சேர்க்க ஏற்பாடாயிற்று. அதற்காகத் தொகுத்த பெயர்கள் நமது கடைகளிலேயே இருக்கின்றன. வெள்ளத்தில் முதலில் தேட வேண்டியவர்களும் அவர்களே. அவர்களோடு, சம்பாதிக்கும் ஆண்பிள்ளையில்லாத விதவைகளின் குடும்பங்கள், வெடி விபத்தில் இறந்தவர் அல்லது கை கால் இழந்தவர் வீடுகள், கைக்குழந்தையுள்ள உருப்படிக் கூலிக்காரர் வீடுகள் ஆகியவற்றைச் சேர்க்கலாம். விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளரின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவைச் சர்க்கார் ஏற்கும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. படிப்புக்கு உதவி வரலாம். மழை வாரத்து அரிசிக்கும் பருப்புக்கும் அந்த வீடு நம்மைத்தான் பார்க்கும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களே எல்லோரினும் ஏழைகள் என்பது என் தணிக்கை அனுபவம். குடும்ப அட்டையில் பெயர் மாறாத மருமகள், அட்டை வேறு ஊரிலிருக்கப் பிழைக்க வந்த குடும்பம், செங்கல் சூளையிலும் ஆலையிலும் தங்கி வேலை செய்யும் வடநாட்டார், தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளாத பெண் ஆகியோர் மழையில் மற்றவரைப் போலவே நனைகிறார்கள், ஆனால் எந்தப் பதிவேட்டிலும் நனைவதில்லை. ஆவணியில் பட்டியல் எழுதுவதன் பெரிய லாபம், இவர்களைக் கண்டுபிடித்து அட்டைக்கும் வாரியப் பதிவுக்கும் முதியோர் உதவித் தொகைக்கும் மனுக் கொடுக்க வைப்பது. மழையே வராமற் போனாலும் இந்த லாபம் நிற்கும்.

பட்டியலைச் சங்க ஆபீஸில் பதினைந்து நாள் வைத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். ஆனால் பொது மகாசபையில் ஒலிபெருக்கியில் பெயர் பெயராக வாசிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டிக்குப் போக வெட்கப்பட்டு வீட்டிலேயே மடிந்தவர்கள் உண்டு. மானமுள்ள விதவை தன் பெயரை நீக்கச் சொல்லி வந்து நிற்பாள். நாமும் நீக்கிவிட்டுப் பணம் மிச்சமென்று திருப்தியடைவோம்.

பணத்துக்கு வருவோம். லாபமுள்ள சங்கங்கள் உபவிதிகளுக்கு உட்பட்டு, இலாகாவின் அனுமதியோடு, பொது நல நிதியிலிருந்து ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கலாம். லாபமில்லாத சங்கங்கள் பல உண்டு. அவை சோர்வடைய வேண்டியதில்லை. 300 அங்கத்தினருள்ள சங்கத்தில் தலைக்கு மாதம் 10 ரூபாய் சேர்த்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். பட்டியலிலுள்ள 40 வீடுகளுக்குத் தலா 900 ரூபாய் கொடுக்க அது போதும். பட்டாசு வேலை மும்முரமாயிருக்கும் ஆடி முதல் புரட்டாசி வரை இதில் பெரும்பகுதியை வசூலித்துவிடுவது நலம். கார்த்திகையில் கேட்டால் யாரிடமும் இராது. இந்தத் தொகையை மத்திய கூட்டுறவு பாங்கியில் தனிக்கணக்காகப் போட்டு, அடையாளம் தென்பட்டாலன்றி எடுக்கக்கூடாது என்று தீர்மானித்து வைக்க வேண்டும். சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று மாசி மாதத்தில் ஒருவர் எழுந்து சொல்லுவார். அவருக்கு இடங்கொடுக்கக் கூடாது.

பட்டியலில் இல்லாத, ஆனால் கூலி நின்று தவிக்கும் மற்ற அங்கத்தினருக்குத் தானம் வேண்டாம், கடன் போதும். மழைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் 2,000 அல்லது 3,000 ரூபாய்க்கு வரம்பு அனுமதித்து வைத்தால், அடையாளம் தென்பட்ட அன்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பட்டுவாடா செய்யலாம். ஜாமீன்தாரைத் தேடிக்கொண்டு மழையில் அலைய விட்டால், மனிதர் நேரே அடகுக் கடைக்குப் போய்விடுவார். அங்கே பத்து நிமிஷத்தில் காரியம் முடிகிறது.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது விருதுநகரில் பிறந்த காமராஜர் முதன்மந்திரியாயிருந்தபோது 1956-ல் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்து நடக்கிறது. கனமழை எச்சரிக்கை வந்தால் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார், விட வேண்டியதுதான். ஆனால் அதே நாளில் ஆலையும் நிற்கிறது. தாய்க்குக் கூலி இல்லாத அன்றே பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாடும் இல்லை. 2020-ல் கொரோனாவினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது சத்துணவுக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கு உலர் தானியம் வழங்கப்பட்டது. ஆகவே முன்மாதிரி இருக்கிறது. எச்சரிக்கை வந்த அன்று மாலையே, பட்டியலிலுள்ள வீடுகளின் குழந்தைகளுக்கு மூன்று நாளைக்கான அரிசி, பருப்பு, முட்டை ஆகியவற்றைச் சங்கத்தின் செலவில் கொடுத்தால் 900 ரூபாயில் ஒரு பகுதியைப் பண்டமாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். மழையில் கடை திறக்குமோ திறக்காதோ என்ற கவலையும் இல்லை.

இத்தனையும் கேட்டபின் சபையில் எழக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. எச்சரிக்கை வந்து, பணமும் கொடுத்து, மழை திசை மாறிக் கடலுக்குள் போய்விட்டால்? அப்படி நேரும். புயல் சொன்ன இடத்துக்கு வராமற் போவது நமக்கு வாடிக்கைதான். அந்த ஆண்டு 36,000 ரூபாய் ஊரிலுள்ள நாற்பது மிக ஏழை வீடுகளுக்குப் போயிருக்கும். ஒரு கிழவி மருந்து வாங்கியிருப்பாள், ஒருவர் கடைக் கடனை அடைத்திருப்பார். ஆற்றில் போகவில்லை. எனினும், ஒரே பருவத்தில் இரண்டாவது எச்சரிக்கைக்குக் கொடுக்கப் பணமிராது என்பது நிஜமான கஷ்டம். அதற்காக முதல் எச்சரிக்கைக்குத் தொகையில் பாதியை மட்டும் கொடுத்து, மழை மெய்யாகவே மூன்று நாள் நீடித்தால் மறு பாதியைக் கொடுப்பது என்ற முறையைச் சங்கங்கள் பரிசீலிக்கலாம். முழுத்தொகையையும் வைத்துக்கொண்டு நிச்சயமாகும் வரை காத்திருப்பதுதான் கூடாதது.

ஆலை நிற்பது மழையால் மட்டுமன்று என்றும் சிலர் கேட்கலாம். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளைத் தடுத்துத் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து சிவகாசி வட்டாரத்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. அவ்வளவு நீண்ட வேலையிழப்பைச் சங்கத்தின் சிறு நிதி தாங்காது. அது மாகாண சர்க்காரும் ஆலை முதலாளிகளும் நல வாரியமும் ஏற்க வேண்டிய பாரம். நம் நிதி ஒரு வாரத்து மழைக்கானது. அதன் எல்லையை முதலிலேயே அங்கத்தினருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வேற்பாட்டை விரும்பும் சங்கத்தார் ஆனி மாதத்துப் பொது மகாசபையிலேயே தீர்மானம் வைப்பது சௌகரியம். தீர்மானத்தில் அடையாளம் இன்னதென்றும், அதை எந்த ஆபீஸின் அறிக்கையைக் கொண்டு பார்ப்பதென்றும், தலைக்கட்டுக்குத் தொகை இவ்வளவென்றும், அடையாளம் தென்பட்ட எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டுமென்றும், தலைவர் ஊரில் இல்லாவிட்டால் யார் கையெழுத்திடுவதென்றும் விளக்கமாக எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். மழைக் காலத்தில் தலைவர் மகளைப் பார்க்க மதுரைக்குப் போய், பஸ் ஓடாமல் அங்கேயே தங்கிவிடுவது புதிதன்று. கொடுத்த தொகைக்குத் தனிப் பதிவேடு வைத்து, பெற்றவர் கையொப்பமோ ரேகையோ வாங்கி, தை மாதத் தணிக்கைக்கு எடுத்து வைத்திருந்தால் போதும். பதிவேட்டில் ஒரு கலம் கூடுதலாக விட்டு, மழை நின்றபின் அந்த வீட்டில் நகையோ ஆடோ அடகுக்கும் விலைக்கும் போயிற்றா இல்லையா என்று கேட்டுக் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு தொகையைக் கூட்டுவதா, அடையாளத்தை முன் தள்ளுவதா என்பதை அந்தக் கலத்தைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.